நாவப்பழச் சிரிப்பு

நீங்க எத்தனாவது டோக்கன் தங்கச்சி? அப்ப எனக்கு அடுத்தது நீங்கதான். இங்கன வந்து உக்காருங்க, அங்க ஏசி நேரா மண்டைல அடிக்கும். பிள்ளையையும் கூப்பிடுங்க. பல்லு வலியா அவளுக்கு? ஈறுக்கா. லேசருக்கா. அத ஏன் மெதுவாச் சொல்லுதிய, இதுல என்ன வெக்கம் கெடக்கு. நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கிய. பாளையங்கோட்டையில எத்தனையோ பல்லாஸ்பத்திரி இருக்கு, ஆனா இந்த டாக்டரம்மா கை மாதிரி வராது. நான் சும்மா சொல்லல, அனுபவப்பட்டுச் சொல்லுதேன்.

அந்தா செவத்துல ஒரு படம் மாட்டியிருக்குல்லா, ரெண்டு வாய். இடது பக்கம் கறுப்பு ஈறு, வலது பக்கம் ரோஸ் ஈறு. மூஞ்சி கெடயாது, கண்ணு கெடயாது, வெறும் வாய். ரெண்டு ஓரத்துலயும் பிளாஸ்டிக்க மாட்டி ஒதட்ட இழுத்து வச்சிருக்கு. அது யாரு வாய்னு நெனச்சிய? எங்க கோமதி வாய். நான் பெத்த பிள்ள. ரெண்டும் அவதான், லேசருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஓரத்துப் பல்லு ஒண்ணு பக்கத்துப் பல்லு மேல லேசா ஏறி நிக்குல்லா, அது போதும் எனக்கு. டாக்டரம்மா அவகிட்டக் கேட்டுட்டுத்தான் மாட்டுனாவ. மத்தவங்களுக்கு அது வெறும் விளம்பரம். நான் அதுக்கு எதுக்கத்தான் உக்காருவேன் எப்பவும்.

எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. டாக்டரம்மாட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும், அதுக்குத்தான் சங்கரன்கோயில்ல இருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கேன். ஒரு கேள்விக்கும் டோக்கன் போடணுமாம். போடட்டும். அந்தப் பதில் மட்டும் கெடச்சிருச்சுன்னா எம் பிள்ள எங்கூடத் திரும்பப் பேசிருவா. இப்பம் பேச மாட்டேங்கா. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கா. எதுக்குன்னு தெரியாமலே நான் செத்துக்கிட்டு இருக்கேன் தங்கச்சி, உள்ளதச் சொல்லுதேன்.

இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் ஒங்களுக்குப் புரியும். உள்ள ரூட் கெனால் நடக்குதாம், லேசுல முடியாது.

எங்க வீட்ல அவிய கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தாவ. அந்தக் கறுப்பு ஈறு அவியட்ட இருந்து வந்ததுதான். எங்க ஆளுகள்ள எனக்கெல்லாம் சாதா ஈறு. அவியளுக்கு மட்டும் கன்னங்கரேல்னு இருக்கும். ஆனா சிரிப்புன்னா அது சிரிப்பு. போஸ்டு மரத்து மேல நின்னுக்கிட்டு யாராவது கீழருந்து ஒரு கேலி பேசிட்டாப் போதும், தெருமுக்குல கேக்கும். என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் அப்பிடித்தான். எங்க சித்தப்பா என்னமோ சொல்லப்போக, தொண்ட தெரியச் சிரிச்சாவ. நான் கதவு மறவுல நின்னு பாத்துட்டு, சரி இந்த ஆளுதான்னு முடிவு பண்ணிட்டேன். ஆம்பள சிரிச்சா ஈற யாரு பாக்கா.

கோமதி அப்பிடியே அவிய அச்சு. சின்னப்பிள்ளையில அவ சிரிச்சான்னா, “நாவப்பழம் தின்னியாட்டி? எங்க, வாயக் காட்டு பாப்போம்”னு கேப்பாவ. அவ வாயப் பொளந்து காட்டுவா. இவியளும் வாயப் பொளந்து காட்டுவாவ. ரெண்டுபேரும் கண்ணாடி முன்னால நின்னு ஈறக் காட்டிக்கிட்டுச் சிரிச்சிட்டுக் கெடப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பொட்டப்பிள்ளைக்கு இதப் போயிப் பழக்கிக் குடுக்காவளேன்னு.

நான் என்ன தங்கச்சி சொல்லிட்டேன்? வாய மூடிச் சிரிட்டின்னு சொன்னேன். அவ்ளோதான். அடிச்சேனா, வஞ்சேனா? ஒரு தடவ கூட ஒன் ஈறு அசிங்கமா இருக்குன்னு எவ் வாயால சொன்னது கெடயாது. வாய மூடிச் சிரி, கையில ஒரு கர்ச்சீப் வச்சுக்கோ. பெத்தவ இதக் கூடச் சொல்லக் கூடாதா. நாலு பேரு இருக்குத எடத்துல அதயும் சொல்ல மாட்டேன், லேசா ஒரு செருமல் செருமுவேன். க்கும். இம்புட்டுத்தான். சடக்குனு மூடிக்கிடுவா. கல்யாண வீட்ல அந்தக் கோடியில இருப்பா, நான் இந்தக் கோடியில இருந்து செருமுனாலும் அவ காதுக்குப் போயிரும். அப்பிடி ஒரு சொல்லு கேக்குத பிள்ள. அவிய மட்டும் எப்பவாவது, “ஏன் பூரணம், பிள்ள சிரிக்கட்டுமே”ம்பாவ. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கம்பேன்.

அவிய போயிட்டாவ. நெஞ்ச வலிக்குன்னாவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. கோமதி அப்பம் காலேஜ் கடசி வருஷம். 

அதுக்குப் பொறவு ஒரு வருஷம் கழிச்சுத்தான் கடையநல்லூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தாவ. நல்ல எடம். பையன் பாங்குல வேல. நானும் பிள்ளைக்குச் சேலையக் கட்டி, பூவ வச்சு, எல்லாம் சொல்லித்தான் கூட்டியாந்தேன். மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கோ, ஆனா சிரிச்சிராதன்னேன். அவளும் அப்பிடித்தான் இருந்தா. பாத்துக்கோங்க, மாப்பிள்ளைக்கு அப்பா முறுக்க எடுத்துக் கடிக்காரு, கடிச்ச கடியில பல்லுசெட்டு முறுக்கோட வெளிய வந்துட்டு. அந்த மனுசனே கையில வச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டாரு. கோமதியும் சிரிச்சிட்டா. அப்பிடி ஒரு சிரிப்பு, அவிய போன பொறவு அந்த வீட்ல யாரும் அப்பிடிச் சிரிக்கல. நான் செருமுதேன், செருமுதேன், ஃபேன் சத்தத்துல காதுல விழல. மாப்பிள்ளைக்கு அம்மா மட்டும் சிரிக்காம அவ வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

தரகர்ட்டச் சொல்லி விட்டுருக்கா. பிள்ள லெச்சணந்தான், ஆனா சிரிச்சா ஈறு கறுப்பாத் தெரியுது, நாளைக்குப் போட்டோவுல நல்லாருக்காதுன்னு. கேட்டியளா அந்த மகராசி பேச்ச. எம் பிள்ள ஈறப் பத்திப் பேச அவ யாரு? எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. எம் பிள்ளையக் கூப்பிட்டு, “இதுக்குத்தானட்டி அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்”ன்னேன். 

அப்பந்தான் இந்த ஆஸ்பத்திரிய ஒருத்தர் சொல்ல, கூட்டிக்கிட்டு வந்தேன். டாக்டரம்மா வாயப் பாத்துட்டு, “இது சீக்கு இல்லம்மா. நல்ல ஆரோக்கியமான ஈறு. ஆளுக்கு ஆளு தோல் நெறம் மாறுத மாதிரி ஈறும் மாறும்”னாவ. அவிய டாக்டரு, அப்பிடித்தான் சொல்லுவாவ. அவிய பிள்ளையவா பொண்ணு பாத்துட்டுப் போனாவ. பொறவு கோமதியப் பாத்து, “ஒனக்கு வேணுமாம்மா?”ன்னு கேட்டாவ. அவ எம் மூஞ்சியப் பாத்தா. “வேணும் டாக்டர், அவளுக்கு வேணும்”னு நான் சொன்னேன். கொஞ்ச காலம் கழிச்சுத் திரும்பக் கறுக்கலாம், அப்பம் வேணும்னா இன்னொரு தடவ பண்ணிக்கிடலாம்னு அதயும் அன்னைக்கே சொல்லிட்டாவ. ஒளிவு மறவு கெடயாது அவியட்ட.

ஒங்க பிள்ள ஏன் இப்பிடிப் பாக்கா? பயப்படாதம்மா, வலிக்காது. மொதல்ல மரத்துப்போக ஊசி போடுவாவ, அந்தச் சுருக்குதான். பொறவு கறுப்புக் கண்ணாடி மாட்டி விடுவாவ, கூட இருக்குத நமக்கும் ஒண்ணு தருவாவ. பேனா மாதிரி ஒரு குச்சி, அத வச்சு ஈற லேசா லேசாத் தடவுவாவ. கத்தி கெடயாது, தையல் கெடயாது, ரத்தம் கூட வராது. முடி பொசுங்குன மாதிரி ஒரு வாட மட்டும் வரும். அந்த வாட வந்ததும் கோமதி எங் கையப் புடிச்சா பாருங்க, வளவி ஒடஞ்சிருச்சு. வலிக்குதாட்டின்னேன், இல்லன்னு தலைய ஆட்டுனா. வலி இல்லாதப்ப கண்ணுல எதுக்குத் தண்ணி. அந்தக் கண்ணாடிக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுது. வெளிச்சம் பட்டிருக்கும்போல.

ஒரு வாரம் ஆறுன கஞ்சி, தயிருஞ்சோறு. ஒரப்பு ஆகாது, சூடு ஆகாது. நாந்தான் பெசஞ்சு பெசஞ்சு குடுத்தேன். பொறவு இங்க வந்து காட்டுனோம். டாக்டரம்மா கண்ணாடியக் கையில குடுத்து, “சிரிம்மா பாப்போம்”னாவ. ரோசாப்பூ மாதிரி இருக்கு ஈறு. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். அவ கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, “அம்மா, அப்பா இல்லல்லா”ன்னா. அப்பா போயி வருசமாச்சு, இப்பம் எதுக்குட்டி அதன்னேன். சந்தோசம் வந்தாச் செத்தவிய ஞாபகம் வரத்தான செய்யும். எனக்கும் கண்ணு கலங்கிட்டு.

கடையநல்லூர்க்காரி அதுக்குள்ள வேற எடத்துல முடிச்சிட்டா. போறா. அவ குடுத்து வைக்கல.

ஆனா அதுக்குப் பொறவு கோமதி சிரிக்கவே இல்ல தங்கச்சி. இவ்ளோ பண்ணி, ஈறு பளபளன்னு இருக்கு, இப்பம் சிரிக்க வேண்டியதுதான? நானே சொன்னேன், இப்பம் நல்லாச் சிரிட்டி, யாரு என்ன சொல்லப்போறான்னு. ஒதட்ட மட்டும் இப்பிடி இழுத்துக் காட்டுவா. அந்தப் படத்துல இருக்குல்லா, அந்த மாதிரி. பொறவு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேல கெடச்சுன்னு போயிட்டா. அங்கன கூட வேல பாக்குத பையன், அவளே பாத்துக்கிட்டா. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வச்சுக் கல்யாணம். எனக்குப் பொறவுதான் சொன்னா. நான் சண்ட போடல. அழுதேன், அவ்ளோதான். பையன் நல்ல பையன்தான்.

அந்தப் பையன் ஒரு நா செல்லுல ஸ்டேட்டஸ் போட்டிருந்தாரு. கோமதி பொறந்த நாளு, கேக்கு வெட்டுதா. யாரோ மூக்குல கிரீம அப்பிட்டாங்க. அவ சிரிக்கா. வாயப் பொளந்து, தலைய அண்ணாந்து, அப்பிடியே அவிய சிரிப்பு. ஈறு பழையபடி கன்னங்கரேல்னு ஆயிருக்கு. டாக்டரம்மா சொன்னாவள்லா, அதே மாதிரி. அவிய உசுரோட வந்து நிக்குத மாதிரி இருந்துச்சு. சோறு தண்ணி இல்லாம அதையே திரும்பத் திரும்பப் பாத்தேன். ஸ்டேட்டஸ் ஒரு நாளைக்குத்தான் இருக்குமாம்ல. மறுநா பாத்தாக் காணும். எடுத்து வைக்க எனக்குத் தெரியல. வீட்ல எந்தப் போட்டோவ எடுத்தாலும் வாய மூடிக்கிட்டுத்தான் நிக்கா, ஆடித்தபசுத் திருவிழாவுல எடுத்ததுல இருந்து காலேஜ்ல எடுத்தது வரைக்கும். அவ வாயத் தொறந்த போட்டோன்னா ஒலகத்துலயே அந்தச் செவத்துல இருக்குதது ஒண்ணுதான்.

ஸ்டேட்டஸ் பாத்தன்னைக்கே வீடியோ கால் போட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. எம் மூஞ்சியப் பாத்ததும் கை மேல வந்து வாயப் பொத்திக்கிட்டு. நல்லாருக்கியாம்மாங்கா, கையெடுக்காம. பேசி முடிக்குத வரைக்கும் கை எறங்கல. ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான். அடுத்தவங்ககிட்டச் சிரிக்கா, எனக்கு மட்டும் கை. எதுக்குன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், பொறவு வெளங்கிட்டு. திரும்பக் கறுத்துட்டுல்லா. அம்மா இவ்ளோ பாடுபட்டாளே, பாத்தா வருத்தப்படுவாளேன்னு மறைக்கா. பாசந்தான் தங்கச்சி, வேற என்ன. ஒரு தடவ இங்க கூட்டிக்கிட்டு வந்து திரும்பப் பண்ணி விட்டுட்டா கை தன்னால எறங்கிரும்.

தலப்பிரசவத்துக்கு வருவான்னு இருந்தேன். தலப்பிரசவம் அம்மா வீட்லதான பாக்கணும். தண்ணித்தொட்டி கழுவி, அறைக்கு வெள்ளையடிச்சு, பழஞ்சேலையெல்லாம் தொவச்சு மடிச்சு வச்சிருந்தேன். அலைச்சல் ஆவாதும்மா, இங்கனயே பாத்துக்கிடுதோம்னுட்டா. நான் வாரேன்னேன். வேண்டாம்மா, அத்த இருக்காவன்னா. பொம்பளப்பிள்ள. இன்னும் எங் கையில வாங்கல. செல்லுலதான் பாத்தேன். அந்தச் சேல எல்லாம் மடிச்சது மடிச்சபடி கெடக்கு.

ஒங்க பிள்ள எங்க எந்திச்சிப் போறா? காத்தாட நிக்கட்டும், நிக்கட்டும். மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, ஊசின்னதும் பயந்துட்டா போல.

கடசியா ஒரு நா வீடியோவுல பிள்ளையக் காட்டுனா. மடியில வச்சுக்கிட்டு ஒரு கையால தன் வாயப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையால போனப் புடிச்சிருக்கா. நான் கையத் தட்டி ‘ஆ’ன்னேன். பிள்ள என்னயப் பாத்து சிரிச்சிச்சு தங்கச்சி. என்னயப் பாத்து. இன்னும் பல்லு மொளைக்கல, வெறும் ஈறு. நாவப்பழந்தான். அவிய வாய், கோமதி வாய், இப்பம் இது. எனக்கு அழுக வந்துட்டு. அழுகைல என்ன பேசுதோம்னு தெரியுமா? “அய்யோ இதுக்குமாட்டி. கவலப்படாத, எந்த வயசுல பண்ணலாம்னு டாக்டரம்மாட்ட அம்மா கேட்டுச் சொல்லுதேன்”ன்னேன். ஆறுதலுக்குத்தான சொன்னேன். 

கோமதி தன் வாயில இருந்த கைய எடுத்தா. எடுத்துப் பிள்ள மூஞ்சிக்கு முன்னால வச்சு மறைச்சா. அவ வாய் தெரிஞ்சது, ஆனா சிரிக்கல. பொறவு போன் அணைஞ்சிருச்சு. அன்னையில இருந்து எடுக்க மாட்டேங்கா. மருமகனும் எடுக்க மாட்டேங்காரு. ஓசூருக்கே போயிரலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன், வரச் சொல்லாம எப்பிடிப் போறதுன்னு திரும்பிட்டேன். 

அதான் டாக்டரம்மாட்ட நேர்லயே கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். பதில் தெரியாம போன் பண்ணி என்ன பிரயோசனம். இந்த மிசின வச்சே வாய்ப்புண்ணெல்லாம் ஆத்துதாவ. நாக்கு ஒட்டிப் பொறக்குத கைப்பிள்ளைகளுக்கு இதே லேசர வச்சுத்தான் பிரிச்சு விடுதாவ, அந்தா அந்த நோட்டீஸ்லயே போட்டிருக்கு. கைப்பிள்ள நாக்குக்கே பண்ணும்போது ஈறுக்குப் பண்ண மாட்டாவளா? இப்பவே பண்ணிட்டா, அந்தப் பிள்ளைய நாளைக்கு ஒருத்தி பாத்துட்டு ஒண்ணு சொல்ல மாட்டாள்லா. யாரும் வாய மூடுன்னு சொல்ல வேண்டி வராதுல்லா. அதத்தான் கோமதிட்டச் சொல்லணும். சொல்லிட்டாச் சரியாப் போயிரும்.

தங்கச்சி, ஒரு ஒதவி. ஒங்க போன்ல இருந்து ஒருக்கா அடிச்சுத் தாரியளா? புது நம்பர்னா எடுப்பா. நான் நம்பர் சொல்லுதேன், எனக்கு மனப்பாடம்.

போகுதா? தாங்க.

அடிக்குது.

...

க்கும்.

ஏட்டி. கோமதி. ஹலோ. ஹலோ, ஏட்டி.

கட் ஆயிருச்சு. இங்கன சிக்னல் இருக்காதுல்லா, ஏசி ரூம்பு.

எடுத்தா தங்கச்சி. எடுத்துட்டா. ஹலோன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்தா. பிள்ளையும் கூடச் சிரிக்கு, ரெண்டு சிரிப்பும் சேந்து வருது, எது யாருதுன்னே தெரியல. ஒரு செருமல்தான் செருமுனேன், தொண்டையச் சரி பண்ண. இன்னும் பேசவே இல்ல. டக்குனு சிரிப்பு நின்னுட்டு. பிள்ள மட்டும் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பொறவு அதயும் காணும்.

இந்தாங்க போனு. துடைச்சிட்டேன், கண்ணீரு பட்டிருச்சு. 

நீங்க ஏன் எந்திச்சிட்டிய? பிள்ள வெளிய நிக்கான்னா நிக்கட்டும், டோக்கன் கூப்பிடப் போறாவ. பையெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க போறிய? சரி, போயிக் கூட்டிக்கிட்டு வாங்க. எடத்த நான் பாத்துக்கிடுதேன்.

சிரிச்சுக்கிட்டேதான் எடுத்தா. போன்ல வாய் தெரியாது, ஆனாலும் பெத்தவளுக்குத் தெரியும்லா. கை வைக்கல. எங்கிட்ட, கை வைக்காமச் சிரிச்சிட்டா.